சீனக் கேத்தலும் மூன்று புத்தகங்களும்

பேத்தியின் சடங்கில் என் மனைவி வீரம்மா தேத்தண்ணி ஊற்றுகிற அந்த வெள்ளிக் கேத்தலைச் சீர்த்தட்டுக்கு நடுவில் வைத்தாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பந்தலுக்கு வந்த தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி சோறு தின்று கை கழுவிவிட்டுக் கேத்தலை இரண்டு தரம் பார்த்தார். நாலாம் நாள் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பங்களாச் சாமான் புத்தகத்தில் உள்ள வெள்ளிக் கேத்தல் பொன்னையாவிடம், அதாவது என்னிடம், இருக்கிறதாம். பத்து நாளில் ஒப்படைக்காவிட்டால் பொலிசுக்குப் போவார்களாம்.

கேத்தல் என்னுடையது. எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனார். அவருடைய பங்களாவில் நான்தான் அப்பு. சமையலும் மேசையும் என் பொறுப்பு. போகிற அன்று அவருடைய சொந்தக் கேத்தலை என் கையில் கொடுத்தார். அவருடைய அப்பா சீனாவில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். கைப்பிடி மூங்கில் கணு மாதிரி இருக்கும். பங்களாக் கேத்தல் வேறு, அது இங்கிலாந்தில் செய்தது. ஆனால் கொடுத்தவர் செத்துப் போனார். ஒரு துண்டுக் கடதாசி எழுதி வாங்காதது என் மடத்தனம்.

“வயசான காலத்துல களவாணிப் பேரா,” என்றாள் வீரம்மா.

“நடுவுல வச்சது யாரு?”

“நல்ல சாமான் இருந்தா நாலு பேரு பார்க்கத்தான் வைப்பாங்க. ஒளிச்சு வச்சாத்தான் களவு.”

ஹட்டனில் துரைராசா மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், படிப்பித்து ஓய்வு பெற்றவர். பழைய வெள்ளிச் சாமான் சேர்க்கிற கிறுக்கு அவருக்கு. எது எங்கே செய்தது என்று அதில் குத்திய முத்திரையை வைத்துக் கண்டுபிடிக்கப் புத்தகங்களும் வைத்திருக்கிறார் என்றார்கள். கேத்தலைக் கோதுமை மாப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“தாங்கோவன், தின்னமாட்டன்.”

“நான் புடிச்சுக்கிறேன். நீங்க பாருங்க.”

மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தார். முதல் புத்தகம் முழுக்க இங்கிலாந்து முத்திரைகள், பக்கத்துக்குப் பக்கம் சிங்கம். இரண்டாவது, சீனத்தில் வெள்ளைக்காரருக்கென்று செய்து விற்ற கடைகளின் முத்திரைகள். மூன்றாவது ஏலக் கடைக்காரன் அச்சடித்த படப் புத்தகம். அதில் என் கேத்தலின் கைப்பிடி மாதிரியே ஒன்று இருந்தது.

“இது போதுங்களே,” என்றேன்.

“போதாது. மூங்கில் கைப்பிடி எல்லாரும் செய்தவை. அதோட, இந்தப் புத்தகம் எழுதினவர் ஒரு முத்திரையை ஒரு கடைக்காரன்ர எண்டு எழுதியிருக்கிறார். மற்றப் புத்தகக்காரர் அதே முத்திரையை வேற ஆளின்ர எண்டுறார்.”

“ரெண்டுல எது சரி?”

“ரெண்டும் பிழையாயும் இருக்கலாம்.”

“இதுக்கா புத்தகம் போட்டாங்க?”

அவர் பூதக்கண்ணாடியைக் கேத்தலின் அடியில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுக்கு என்ன செய்தனீங்கள்?”

பளபளக்க வைத்தேன், வேறென்ன? துரையின் பெண்சாதி, துரைசாணி, சனிக்கிழமை தோறும் சாமானையெல்லாம் கவிழ்த்து அடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். அதனால் மேலே ஒரு பங்கு தேய்த்தால் அடியில் மூன்று பங்கு தேய்ப்போம். எந்தப் பங்களா அப்புவும் அப்படித்தான். துரை போன பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

“முத்திரையை முழுசாத் தேய்ச்சுப் போட்டியள். இனி எந்தப் புத்தகத்தைப் பார்க்கிறது?”

எனக்கு வந்த எரிச்சலில் அவர் புத்தகங்களைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். நன்றாக வேலை செய்தவன் களவாணி. சோம்பேறியாக இருந்திருந்தால் யோக்கியன்.

மாஸ்டர் மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்பாகத் தேயிலைக் கறை. கேத்தலுக்கு உள்ளே தேய்த்தால் தேத்தண்ணி ருசி கெடும் என்று துரைசாணி அங்கே கை வைக்க விட்டதில்லை. நானும் விட்டதில்லை. அவர் மூடியின் உள்பக்கத்தைப் பிழிந்த தேசிக்காய்த் தோலால் உரசத் தொடங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கறைக்கு அடியில் இரண்டு சீன எழுத்தும், இரண்டு இங்கிலீஸ் எழுத்தும், தொண்ணூறு என்ற இலக்கமும் வந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி என்று அர்த்தமாம். இரண்டாவது புத்தகத்தில் அதே நான்கு எழுத்தும் இருந்தன, ஷங்காய் கடை ஒன்றின் பெயரில். மாஸ்டர் இது சீனாவில் செய்தது என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

தோட்டத்தை அரசாங்கம் பிறகு ஒரு புதுக் கம்பனிக்குக் கொடுத்திருந்தது. ஆபீசில் அந்தக் கம்பனியின் பெரிய துரை, சிங்களவர், கடிதத்தைப் படித்து, மூடியைப் பார்த்து, பங்களாப் புத்தகத்தைப் புரட்டினார்.

“சரி அப்பு. இது சீனா. எங்க புத்தகத்தில இங்கிலாந்து எண்டு இருக்கு. இது ஒங்களது.” பிறகு கேட்டார், “அப்ப எங்களது எங்க?”

பொன்னையா வாயடைத்துப் போவான் என்று கிளாக்கர் நினைத்திருப்பார்.

“தொரை, அந்தப் புத்தகத்துல கடைசியா கேத்தல் இருக்குன்னு எந்த வருஷம் எழுதியிருக்கு?”

துரை விரல் வைத்துப் பார்த்தார். “தொண்ணூத்தி ஏழு. போன வருஷம்.”

“நான் பங்களாவ விட்டு எறங்குனது எம்பத்தி நாலுல. போன வருஷம் வரைக்கும் இருந்த சாமான நான் எப்புடிங்க எடுப்பேன்? இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு?”

துரை கிளாக்கர் பக்கம் திரும்பினார். கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

“அது வந்துங்க சேர்... முந்தின வருஷத்தப் பார்த்து அப்புடியே எழுதுறதுதான். எல்லாரும் அப்புடித்தான் எழுதுனாங்க.”

“அலுமாரியத் தெறந்து பார்க்கிறது இல்லையா?”

கிளாக்கர் சட்டைப் பையில் பேனையைத் தேடினார். அவர் முதலிலேயே இந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் எனக்கு ஹட்டனும் வேண்டாம், சீனாவும் வேண்டாம். எனக்குக் கடிதம் எழுதிய கைக்குப் பக்கத்திலேயே புத்தகம் கிடந்திருக்கிறது.

“போங்க அப்பு, பிரச்சினை இல்ல,” என்றார் துரை.

நான் போகவில்லை. கேத்தல் என்னுடையது என்று எழுதி ஆபீஸ் முத்திரை குத்தித் தரச் சொன்னேன். கிளாக்கர் எழுதி வாசித்துக் காட்டினார். அவர் வாசிப்பை நான் நம்பவில்லை. துரையையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேர் வாசித்ததும் ஒரே மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.