இரும்புச் சட்டை போடாத மந்திரவாதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விளையாட்டு விதியைக் கேட்டு வாயைப் பிளந்ததில் பிறந்த கதை இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி வாயாலேயே கதை நடத்துகிற விளையாட்டு. அதில் போர்வீரன் தலைமுதல் கால்வரை இரும்பு மாட்டிக்கொள்ளலாம். மந்திரவாதிக்கு வெறும் துணி அங்கிதான். இரும்பு போட்டால் மந்திரம் பலிக்காது. மலையைப் பிளக்கிற ஆள் ஒரு சாதாரண அம்புக்கு முன்னால் பருத்தித் துணியோடு நிற்க வேண்டும். [பருத்தி நான் சேர்த்தது.]

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கோட்டை வாசலில் காற்று ஊளையிட்டுக்கொண்டு…’ வேண்டாம். காற்று வீசாத கோட்டை வாசல் எந்தக் கதையில்தான் இருக்கிறது?

சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறேன். அக்காவுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஈயக் கவசத்தைச் சுமக்கிறவள், விளையாட்டிலாவது லேசாக இருப்போமே என்று மந்திரவாதி ஆனாள். அந்த மந்திரவாதிக்குச் சாம்பல் என்று பெயர் வைத்து, வருடக்கணக்காக வளர்த்துவருகிறாள். தம்பி போர்வீரன். அக்காவின் கணவர் ஆட்டத்தை நடத்துபவர். எதிரி, மழை, சாவு எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வீட்டு ஆட்டத்தில் செத்தவர் செத்தவர்தான்.

3.

போன வாரம் கோட்டை வாசலில் சண்டை. செத்துக் கிடந்த காவலாளியின் இரும்புச் சட்டையைச் சாம்பல் மாட்டிக்கொண்டாள். மூன்று அம்புகள் அதில் பட்டுத் தெறித்தன. அடுத்த கணமே ஒளிச் சுவர் எழுப்பி, போர்வீரனை நெருப்பிலிருந்து காப்பாற்றினாள். கைதட்டிய சந்தோஷத்தில் ஒருவருக்கும் விதி ஞாபகம் வரவில்லை.

இன்று உட்கார்ந்ததும் கணவர் தொண்டையைச் செருமினார்.

“இரும்பு போட்டா மந்திரம் பலிக்காதுல்ல. எல்லாரும் கோட்டை விட்டுட்டோம்.”

“அப்ப நான் போன வாரமே வெந்துட்டேனா, மாமா?” என்றான் தம்பி.

“விதிப்படி ஆமாடா.”

[இங்கே அக்காவைச் சண்டை போடவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.]

“சுவர் எழும்புச்சு, எல்லாரும் பார்த்தோம்,” என்றாள் அக்கா. “அப்படின்னா நான் இரும்புச் சட்டை போடலைன்னுதானே அர்த்தம்.”

“போட்டியே.”

“போடலைன்னு வைங்க. அங்கியோடதான் நின்னேன்.”

“அந்த மூணு அம்பு?”

“என்மேலதான் வந்திருக்கும். பகடையை இப்படிக் குடுங்க.”

4.

நானும் எத்தனையோ பாத்திரங்களின் சட்டையை மாற்றியிருக்கிறேன். எனக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இவளோ நடந்து முடிந்த சண்டைக்குள் திரும்பிப் போய், தன்மேல் இருந்த இரும்பைத் தானே கழற்றுகிறாள். ஆகவே வாசகரே, மூன்றாம் பகுதியில் ‘மாட்டிக்கொண்டாள்’ என்பதை ‘பார்த்துவிட்டு நடந்தாள்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அக்கா அம்புக்கு ஒருமுறை பகடையை உருட்டினாள். முதல் அம்பு தவறியது. இரண்டாவது தோளில் இறங்கியது. இன்னொன்று பட்டால் சாம்பலின் கதை முடிந்தது.

“போதும்க்கா. என் ஆள் சாகட்டும், நான் வேற ஒருத்தனை வச்சு ஆடிக்கறேன்.”

“சும்மா இருடா,” என்றபடி அக்கா மூன்றாவது முறை உருட்டினாள்.

5.

அம்பு தவறியதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சில் பட்டதாக இன்னொன்று எழுதினேன். அதுவும் நன்றாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பகடை உருண்டு நின்றதும் தம்பி அதைக் கையால் பொத்திவிட்டான். கணவர் பகடையைப் பார்க்காமல் அக்காவையே பார்க்கிறார். “கையை எடுடா,” என்கிறாள் அக்கா. அவன் எடுக்கவில்லை. எடுக்கவைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால், நீங்கள் அவனிடம் சொல்லிப் பாருங்கள்.