வியர்க்காத துப்பாக்கி

ஜூலை மாதத்திலும் ஹோபர்ட் சைஸ்மோர் வீட்டு அடுக்களையில் கணுக்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. வெளியே மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது, தக்காளி பழுத்தது. வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் மூக்கு விறைத்தது. டட்டன் ஓடைக்கரை ஊர்க்காரர்கள் அதற்குப் போன அக்டோபர் வெள்ளத்தைக் குறை சொன்னார்கள். ஹோபர்ட் எதையும் குறை சொல்லவில்லை. அடுப்பை அணைத்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

கெண்டக்கியின் அந்த மலையில், குழலின் வாய்வழியே கரிமருந்து இடித்து நிரப்பிய துப்பாக்கியை மான் பருவம் முடியும்வரை எவரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். குளிர்ந்த இரும்பு சூடான அறைக்குள் வந்தால் வியர்க்கும். வியர்த்தால் உள்ளே கரிமருந்து நமத்துப்போகும். ஆகவே அது தாழ்வாரத்து ஆணியில் நாய்க்குத் துணையாகத் தூங்கும். அந்த அக்டோபர் வெள்ளம் தாழ்வாரத்தையும் கொட்டகையையும் நாயையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விட்டது. மாலையில் சுட்டுக் காலி செய்துவிட்டு வரலாம்தான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மலையில் மிச்சமிருந்த மான்களும் ஓடிவிடும். தவிர, துடைத்துவைத்த குழல் முதல் குண்டை ஒரு சாண் மேலே எறியும். ஒருமுறை சுட்டுக் கரிபிடிக்க வைத்து, எச்சில் துணியால் ஒரே இழுப்பு இழுத்து, கொழுப்புத் துணி சுற்றிய குண்டை இறுக்கி வைத்தால்தான் அது சொன்ன இடத்தில் அடிக்கும்.

அவர் மனைவி ஓர்லீனாவுக்கு நுரையீரல் போய்க்கொண்டிருந்தது. மானெலும்புச் சாறு தவிர வேறெதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்குள் வைத்த துப்பாக்கியோ அடுத்தடுத்த விடியல்களில் சீறிவிட்டு அடங்கியது. மான் நின்று பார்த்துவிட்டு நிதானமாக நடந்துபோனது. ஓர் இரவுக்கு மட்டும் அடுப்பை அணைக்கட்டுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அணைச்சுக்கோ. பொண்டாட்டி இருமுனா பரவால்ல, துப்பாக்கி இருமக் கூடாது, அதானே உனக்கு?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலானது.

மறுநாள் குண்டு முன்னங்காலுக்குப் பின்னால், அவர் நினைத்த மயிர்மேலேயே விழுந்தது. வந்ததும் அடுப்பை மூட்டினார். விறகு எரிந்தது, சாறு கொதித்தது, சூடு மட்டும் வரவில்லை. நின்று எரியும் கருவாலி மர விறகைப் போட்டார், நிலக்கரியைக் கொட்டினார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போதகர் வந்து கையுறையோடு ஜெபித்துவிட்டுப் போனார். துப்பாக்கிக்கு மட்டும் அந்தக் குளிர் அமிர்தமாக இருந்தது. அதன்பின் ஒரு குண்டும் தவறவில்லை. அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

வசந்தம் வந்து மலை பூத்தபோது ஓர்லீனாவைப் போர்வையில் சுற்றி வெயிலுக்குத் தூக்கிப்போனார். குளிர் அவளோடு கூடவே வந்தது. உச்சிவெயிலில் அவள் மூச்சு புகைந்தது. சுற்றிப் புல் குளிரில் கருகியது. மே மாதம் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்து திரும்பியபோது, தலையணைக்கு மேலே அவள் மூச்சு மட்டும் வெள்ளையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கோடையில் ஓடைக்காரர்கள் பன்றிக்கறியையும் வெண்ணெயையும் கெடாமலிருக்கக் கொண்டுவந்து அவர் அடுக்களையில் வைக்கத் தொடங்கினார்கள். வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு டெல்ஃபா ஒருநாள் வெண்ணெய் எடுக்க வந்தவள், கட்டிலையும் பக்கத்துச் சுவரில் தொங்கிய துப்பாக்கியையும் எட்டிப் பார்த்துவிட்டு நல்ல மனதோடுதான் சொன்னாள்: “மூச்சுன்னா ஈரம், ஹோபர்ட். துப்பாக்கிய தள்ளி மாட்டு, துருப்பிடிச்சுரும்.”

அவர் தலையாட்டினார். எழுந்துபோய்த் துப்பாக்கியை எடுத்து, தலையணைக்கு நேர் மேலே, மூச்சு படுகிற இடத்தில் மாட்டினார். டெல்ஃபா வெயில் உள்ளே வந்துவிடாதபடி கதவை இறுகச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த பருவத்தில் மலைமேல் மற்றவர்களின் வெடிச்சத்தம் கேட்டபோது குழல் முழுக்கத் துருவேறிச் சிவந்திருந்தது. ஹோபர்ட் கொழுப்புத் துணியைத் தொடவில்லை. போர்வையை இழுத்து, கட்டிலில் அவள் பக்கத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு படுத்தார்.