கடைசி வளையம்

எங்கள் பழைய இசைத்தட்டின் மறுபதிப்புக்குச் சோதனைத் தட்டு வந்த அன்று, முதல் பாட்டிலிருந்து கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. உறையைக் கிழித்து, எழுத்தே இல்லாத வெள்ளை லேபிளைத் திருப்பி இரண்டாம் பக்கம் போட்டு, முள்ளை நேராகக் கடைசிப் பாட்டின் வாலில் கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் தொண்டை கிழியக் கத்தி முடித்தான். கிட்டாரின் ஊளை அடங்கியது. முள் நடுவை நோக்கி வழுக்கிக்கொண்டு போய்க் கடைசி வளையத்தில் விழுந்து சுற்ற ஆரம்பித்தது. ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி அத்தனை சுத்தம். ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டவைத்தும் பார்த்தேன். அவன் இல்லை.

இசைத்தட்டோடு பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தட்டில் இருக்கிற கோடு விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும். முடிவில் மட்டும் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு வட்டமாகிவிடும். யாராவது எழுந்துபோய் முள்ளைத் தூக்குகிறவரை அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பொதுவாக அந்த வட்டத்தில் எதுவும் இருக்காது. எங்கள் தட்டில் இருந்தது. எங்கள் வீட்டின் பின்னறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துப் பதிவு செய்தோம். அண்ணன் கிட்டாரும் கத்தலும், நான் பேஸ் கிட்டார், நண்பன் மொட்டை டிரம்ஸ். கடைசிப் பாட்டு முடிந்து நாடாவை நிறுத்துவதற்குள் அம்மா கதவை இரண்டு தட்டு தட்டினாள். "வர்றேம்மா" என்றான் அண்ணன். நாடாவிலிருந்து தட்டில் கோடு வெட்டுகிறவர் கவனிக்காமல் விட்டதில் அந்தத் தட்டலும் அந்தச் சொல்லும் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டன. டொக் டொக், வர்றேம்மா. டொக் டொக், வர்றேம்மா.

கதவு திறந்த பிறகு நடந்த சண்டை தட்டில் இல்லை. அக்கம்பக்கத்துப் புகாரையெல்லாம் சேர்த்துவைத்து அம்மா கொட்டித் தீர்த்தாள்; இந்தத் தகர டப்பா வேண்டுமா இந்த வீடு வேண்டுமா என்று கேட்டாள். அவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மொட்டையின் அறைக்குப் போய்விட்டான். தட்டு அச்சாகி வந்ததும் அங்கேதான் கேட்டோம். கடைசி வளையம் சுற்ற ஆரம்பித்தபோது விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மாவும் பேண்டுல சேந்தாச்சு. இருக்கட்டும், விடு" என்றான். பிறகு வெகுநேரம் சிரிக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மழைக்காலத்தில் பைக்கோடு லாரிக்கடியில் போனான். அதுவரை ஒரு நாளும் வீட்டுப்படி ஏறவில்லை.

அத்தனை பாட்டிலும் அவன் கத்துகிறான். அது மேடைக்கென்று வைத்துக்கொண்ட குரல். வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற குரல் அந்த ஒரு சொல்லில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"அந்த எழவுச் சத்தம் இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்று அம்மா சொன்னது காரியம் முடிந்த மறுநாள். நான் மீறவில்லை என்று சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை, அவன் போன தேதியில், அவள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து அந்த வளையத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு மூடிவைப்பேன். அப்படியும் அது தேய்ந்துவிட்டது. கடைசியாகக் கேட்டபோது எண்ணெய் பொரிகிற சத்தம்தான் வந்தது. தட்டின் மற்ற இடமெல்லாம் கருகருவென்று மின்ன, அந்த ஒரு வட்டம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. முள்ளைத் திட்டினேன், மாற்றினேன். வலதுபக்கப் பெட்டியின் துணியிலும் ஏதோ கறை படிந்திருந்தது. ஈரம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

அதனால்தான் மொட்டை வந்து மறுபதிப்பு போடலாம் என்றதும் மூல நாடாவைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். மொட்டைக்கு அந்தப் பெயர் வந்தபோது தலைகொள்ளாத முடி. இப்போதுதான் பெயருக்கேற்ற தலை வாய்த்திருக்கிறது. பழைய பங்க் ராக் தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சடித்து விற்கிறான். நாங்கள் வாசித்த காலத்தில் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் இரவல் கொடுத்த ஆம்ப்ளிஃபயரைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர்கள். இன்று பேரன் வயசுப் பிள்ளைகள் அதைப் பொக்கிஷம் என்கிறார்கள். கொடுமைதான்.

போனில் அவனைப் பிடித்தேன். "என்னடா பண்ணி வச்சிருக்கீங்க? கடைசி வளையத்துல அவன எங்க?"

"ஐயையோ. சத்தம் சுத்தம் பண்றவன் தூக்கிட்டான் போல. கதவு தட்டுறதெல்லாம் அவனுக்குக் குப்பதானே. ஒண்ணும் போகல, திருப்பிச் சேத்துடலாம். ஆனா நாளைக்குள்ள சொல்லிடு. நான் சரின்னா ஃபேக்டரில உடனே அடிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

சேர்த்துவிடு என்று வாயெடுத்தேன்.

"அம்மாட்ட கேட்டியா? தட்டுனது அவங்கதானே. இது இப்ப கடை கடையாப் போகும், எல்லார் போன்லயும் வரும். யாராவது போட்டுக் காட்டுனா தாங்குவாங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நான் ஒரு கிளினிக்கில் செவிப் பரிசோதனை செய்கிறவள். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன். அம்மாவுக்கும் நானே பார்த்தேன். கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது. தடதடவென்று கனத்த சத்தம்தான் மிச்சம். பேச்சு பாதி கேட்கும், மீதியை முகம் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவளுக்கு எஞ்சியிருக்கிற காதில் நன்றாகக் கேட்கக்கூடியது அந்தத் தட்டல்தான். அவள் தட்டியதால்தான் எல்லாம் நடந்தது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்த அறைக்கதவும் சாத்தப்பட்டதில்லை. இந்த வயசில் அதை அவள் காதில் போடுவானேன்? மறுநாள் காலை கிளினிக்கிலிருந்து மொட்டைக்குச் சொன்னேன்: "சுத்தமாவே இருக்கட்டும். அடிக்கச் சொல்லிடு." சொல்லிவிட்டு உள்ளே வந்தால், நான் எந்தச் சத்தமும் அனுப்பாமலே ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். சிலர் அப்படித்தான். அன்றைக்கு அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

சாயந்தரம் வீடு திரும்பியபோது சோதனைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா வலதுபக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை பெட்டியின் துணியில், அந்தக் கறை இருக்கிற இடத்தில், அச்சாகப் பொருந்தியிருந்தது.

"புதுசுல அவன் பேச மாட்டேங்கறான்டி" என்றாள்.

"யாரு?"

"யாரா? நான் தட்டுவேன், அவன் வர்றேம்பான். இதுல நானும் இல்ல, அவனும் இல்ல. பழசு தேஞ்சு போச்சு. சரி, புதுசு வருதேன்னு ஆசையா இருந்தேன்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ வேலைக்குப் போனப்புறம் எனக்கு வேற என்ன வேல? கத்தறதெல்லாம் நான் கேக்கறதில்ல. முள்ள நேரா அங்க வச்சுடுவேன்."

எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். ஆண்டுக்கு ஒரு தரம் திருடி மாதிரி கேட்டு நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இவள் தினம் தினம் உட்கார்ந்து கரைத்திருக்கிறாள். "அப்ப நீதான் தேச்சியா?" என்று கத்தினேன். கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும் என்பது வசதியாகப் போயிற்று.

"ஆமா, நான்தான்" என்றாள். "எங்கிட்ட அவன் நல்லபடியாப் பேசின கடைசி வார்த்த அதான். உனக்காவது மத்ததெல்லாம் இருக்கு."

அவளுக்கு முன்னாலேயே மொட்டைக்குப் போன் போட்டேன். "நிறுத்துடா. உடனே நிறுத்து. அந்தக் குப்பைய அப்படியே திரும்பப் போடு."

"காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு! உங்கிட்ட மாட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவன், பின்னால் அம்மா "கேட்டானா, கேட்டானா?" என்பதைக் காதில் வாங்கிவிட்டு, "சரி, வை. இப்பவே சொல்றேன்" என்றான். ஃபேக்டரியில் அன்றைக்கு ஏதோ இயந்திரம் பழுதாகி இன்னும் தொடங்கியிருக்கவில்லை. சாமி புண்ணியம்.

இரண்டாவது சோதனைத் தட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அம்மா நாற்காலியை முன்னாடியே இழுத்துப் போட்டுவிட்டாள். முள்ளை நான் வைத்தேன். டொக் டொக், வர்றேம்மா. தேய்ந்த தட்டில் கேட்டுப் பழகிய எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அதோடு, பழையதில் நான் கேட்டறியாத இன்னொன்றும் இருந்தது. சொல் முடிகிற இடத்தில் மெல்லிதாக ஒரு கிறீச்.

"நாற்காலி நகருதும்மா" என்றேன். அவளுக்கு அது கேட்காது என்று தெரியும். முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னேன். "சொல்லிட்டு நாற்காலியத் தள்றான். எந்திரிக்கறான்."

"எந்திரிச்சானா?"

"எந்திரிச்சுட்டான்மா."

அவள் தலையாட்டினாள். டொக் டொக், வர்றேம்மா, கிறீச். டொக் டொக், வர்றேம்மா, கிறீச். பின்னறைக் கதவு எப்போதும் போலத் திறந்து கிடந்தது. உள்ளே என் துணிமணியும் இஸ்திரிப் பலகையும்தான். இதற்கு மேல் என்னால் முடியாது என்று முள்ளைத் தூக்கக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"இருடி. வரட்டும்."

பிறகு என்னை விட்டுவிட்டு, அந்தக் கையின் விரல் முட்டிகளால் நாற்காலிக் கட்டையில், தட்டில் சத்தம் வருவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே, இரண்டு முறை மெதுவாகத் தட்டினாள்.