முட்டாத மூச்சு

கடியபட்டணத்தில் சிப்பி குளிக்கிறவர்களில் எட்சனுக்கு நிகர் கிடையாது. அவன் கடலில் முங்கினால், கரையில் உலை வைத்து, சோறு வடித்து, கறிக்குத் தேங்காய் அரைத்து முடிக்கும்போதுதான் தலை தெரியும் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் சோறாவது வெந்திருக்கும்.

அப்படிப்பட்டவன் இப்போது முடி நனைவதற்குள் மேலே வந்து வாயைப் பிளக்கிறான். போன மாதம் இடுப்பில் கட்டிய வலைப்பை பாறை இடுக்கில் சிக்கி, அதை அறுத்துக்கொண்டு தப்பி வந்ததிலிருந்து இந்தக் கூத்து. தண்ணீர் கழுத்தைத் தொட்டால் போதும், யாரோ நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைக்கிறார்கள். தக்கலை டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். எட்சன் ஊதிய ஊதலில் மேசைக் காகிதங்கள் ஜன்னலைத் தாண்டித் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டன.

"காத்து நிறைய இருக்கு. இல்லைன்னு பயம் சொல்லுது, மூளை நம்புது," என்றார் டாக்டர்.

நம்பாமல் இருக்க மருந்து எழுதவில்லை. அந்த வைத்தியத்தை மனைவியின் அண்ணன் மரியஜான் ஏற்றுக்கொண்டான். இன்றும் முங்காவிட்டால் எட்சனை எந்த வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள்.

பாறையருகே துடுப்பை வைத்துவிட்டு மரியஜான் ஆரம்பித்தான். "லே மாப்ள, எனக்க தங்கச்சி பெபிஷா சொன்னத அறிஞ்சியா? இனி அவளே சிப்பி குளிக்கப் போறாளாம். நீ வீட்டுல இருந்து அவிச்சுக் குடுத்தா போதுமாம்."

"அவளா சொன்னா?"

"பேடிச்சவனுக்கு வாக்கப்பட்டுட்டேன்னு தெருவே கேக்க மூக்கச் சிந்துனா."

எட்சனின் உச்சந்தலையில் முட்டையை உடைத்து ஊற்றியிருந்தால் பொரிந்திருக்கும். அப்படியே பாய்ந்தான்.

கீழே அம்மி இல்லை. ஒவ்வொரு சிப்பியிலும் மச்சானின் இளிப்புத்தான் தெரிந்தது. உளியால் நெம்பி நெம்பி எடுத்தான். நெஞ்சு வாயே திறக்கவில்லை. மீனாகிவிட்டோம் என்று நினைத்தான். அப்போது கையிலிருந்த உளி தானாக நழுவியது. அது விழுவதை வேடிக்கை பார்த்தான். விரல்களை மடக்கினான், மடங்கவில்லை. அப்போதும் மூச்சு முட்டவில்லை.

காலை உதைத்தது மட்டும் நினைவிருக்கிறது. மரியஜான் முடியைப் பிடித்து வள்ளத்தில் போட்டபோது உதடு சிப்பி ஓடு மாதிரிக் கறுத்திருந்தது.

"மக்கா, எட்சா! பொய் சொன்னேன்டே! அவ ஒண்ணும் சொல்லல, கண்ணத் திற!"

வெகுநேரம் கழித்து எட்சன் பேசினான். "ஒண்ணுமே தோணல மச்சான். சாவப்போறது எனக்கே தெரியல."

மறுநாளும் போனார்கள். மரியஜான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் அது பெரிய அதிசயம். எட்சன் இறங்கினான். தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் அம்மி வந்து உட்கார்ந்தது. பயம் பொய்தான் சொல்கிறது என்று தெரியும். ஆனாலும் நேற்றுப் போல ஊமையாக இல்லாமல் பேசுகிறதே என்றிருந்தது. அந்த அம்மியோடேயே முங்கி, நாலே நாலு சிப்பியோடு மேலே வந்தான்.

மச்சான் சிப்பியைப் பார்த்தான். பையை விரித்துப் பிடித்தான்.