போற பைப்பு

1

இந்தக் கதை பிறந்த இடத்தை ஒளிக்க ஒன்றுமில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்த பிளம்பர், "போற லைனா, வர்ற லைனா?" என்று மாடியிலிருந்து கேட்டார். கீழே நின்ற நான் "போற லைன்" என்றேன். அடுத்த நிமிடம் தொப்பலாக நனைந்தேன். துடைத்துக்கொண்டே, இதை வைத்து ஒரு தமாஷ் கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தமாஷ் என்றுதான் நினைத்தேன்.

2

எண்ணூர் வானம் அன்று சிவந்து

(வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கிறவனை நம்பாதீர்கள்.)

துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கிற பிராங்கிளின், ஒரு பழைய காரை டிராக் ரேசுக்குத் தயார் செய்தான். ஓட்டுவது அவன் மனைவி டெபோரா. கால் மைல், நேர்கோடு, பன்னிரண்டு வினாடி. கிளம்புமுன் பிரேக்கில் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கும் ஆயில் சூடேறும். அளவு மீறினால் வெளியே கக்கி, புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும். கியர்பாக்ஸ் இருப்பதோ டெபோராவின் காலை ஒட்டி. அதனால் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது என்பது பிராங்கிளினின் சட்டம். அவன் ஷிஃப்டில் இருந்த நாளில், போனில் அவன் சொல்லச் சொல்ல, கூட்டாளி ரஞ்சித் அதன் சென்சாரை ஆயில் பைப்பில் மாட்டினான்.

ஐந்து ஓட்டத்திலும் மீட்டர் எண்பத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. பிராங்கிளினுக்குப் பெருமை தாங்கவில்லை.

3

(எண்பத்திரண்டு நான் சும்மா போட்ட எண். படித்துப் பார்த்த மெக்கானிக் அப்துல் வஹாபுக்கு முகம் மாறிவிட்டது. "மீட்டர் இவ்ளோ கம்மியா காட்டாதேப்பா. சென்சாரை எங்க வெச்சிகீறான் உன் ஆளு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து தடவை அந்தப் பெண்ணை எதன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்?)

4

ஆறாவது ஓட்டம். எண்ணூர் பக்கம் ஒரு தனியார் யார்டு. கியர்பாக்ஸுக்கும் ஆயிலைக் குளிர வைக்கும் கூலருக்கும் நடுவே இரண்டு பைப்பு. கசிவு மாதிரித் தெரிந்ததால் பிராங்கிளின் குனிந்து தொட்டான். சென்சார் இருந்த பைப்பு வெதுவெதுப்பு. மற்றதில் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது. அவன் கையை உதறிக்கொண்டு எழுவதற்குள், எண்பத்திரண்டைப் பார்த்த டெபோரா வண்டியைக் கிளம்பும் கோட்டுக்கு நகர்த்திவிட்டாள்.

"போற பைப்புல மாட்டுன்னு சொன்னேன்ல?" என்று பக்கத்தில் நின்ற ரஞ்சித்தைப் பார்த்துக் கத்தினான்.

"போறதுலதான் மாமு மாட்டிகீறேன். கூலர்லேர்ந்து போறதுல."

போனில் சொன்னவன் மனதால் கியர்பாக்ஸ் பக்கம் நின்றிருந்தான். கேட்டவன் கூலர் பக்கம் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் சரி. மீட்டரும் சரி, ஆறித் திரும்புகிற ஆயிலைத்தான் அது காட்டியது. கொதிக்கிற ஆயிலை யாருமே அளக்கவில்லை. ஐந்து தடவை என்று எண்ணிக்கொண்டே பிராங்கிளின் கோட்டுப் பக்கம் திரும்பினான்.

5

முடிவு ஒன்று: டெபோரா இறங்கி வருகிறாள். (என் மனைவி இதைத்தான் எழுதச் சொல்கிறாள்.)

முடிவு இரண்டு: புகையைப் பார்த்து எல்லோரும் ஓடியபோது டெபோராவின்

(மாட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒவ்வொரு ஓட்டத்திலும் பிராங்கிளின் கோட்டருகே நின்று "போய்ட்டு வா, டெபோ" என்று கத்துவான். இன்ஜின் இரைச்சலில், ஹெல்மெட்டுக்குள், அவளுக்குக் கேட்பது அந்த "வா" மட்டும். கேட்டதும் பிரேக்கை விடுவாள்.

இன்று வெந்த கையைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடுகிறான். இறங்கி வரச்சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறான்.

"வா, டெபோ. வா."

நான் பிராங்கிளின் பக்கம் நிற்கிறேன். நீங்கள் அவள் இருக்கையில் உட்காருங்கள். மீட்டர் எண்பத்திரண்டு காட்டுகிறது. கேட்டது ஒரே ஒரு "வா". உங்கள் கால் பிரேக்கில் இருக்கிறது.