ஏரிக்கரையில் லீவு

பக்கத்துக் கூடாரத்துப் பையன் தீப்பெட்டி கேட்டு வந்தான். ஈப்போ டவுனில் படிக்கிறவனாம். மரங்களுக்கு நடுவே நாங்கள் கட்டியிருந்த தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, "நீங்களும் கேம்பிங்காண்ணே?" என்றான். என் வீட்டுக்காரர் ராமையா கூசாமல், "ஆமா தம்பி, லீவுலா" என்றார். கேம்பிங் வருகிறவர்கள் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று அந்தப் பையன் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

லீவுதான். இனி எல்லா நாளும் லீவு. போன வாரம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், முத்தல் இலை என்று சொல்லி, சாம்பசிவம் கங்காணி என் கூடையை எல்லாருக்கும் முன்னால் கவிழ்த்துவிட்டார். என் வீட்டுக்காரர் நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போய், வேலையை விட்டு நிற்கிறேன் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தார். இவர் அப்பா காலத்தில் அது ஒரு வழக்கம். தேயிலைச் செடி வெட்டுவதில் கைதேர்ந்த கவ்வாத்துக்காரன் முறுக்கிக்கொண்டு நோட்டீஸ் கொடுப்பான். தோட்டத்துத் துரை ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுவார். கங்காணி வாலைச் சுருட்டிக்கொள்வார். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரிதான், நிஜமாகப் போவதற்கா கிளம்புகிறாள்? இந்தப் புதுத் துரை நோட்டீசை வாங்கி வைத்துக்கொண்டார். வேலையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது.

எனக்காகச் செய்தது. அதனால் வாயாரத் திட்டவும் முடியவில்லை.

"கியா பார்ம்ல காய்கறி வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். போய்க் கேப்போம்" என்றேன்.

"அங்க போயிட்டா, தொர ஆள் அனுப்புறப்ப எங்கன்னு தேடுவான்? தோட்டத்துலேருந்து வர்ற பாதை இதுதான், வேலம்மா."

ஞாயிற்றுக்கிழமை கங்காணியின் வேன் வந்து நின்றது. இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். நான்கூட அவசரமாகப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். வேனிலிருந்து கங்காணியின் மனைவியும் பிள்ளைகளும் இறங்கினார்கள். பிறகு பாய், அண்டா, கால் கட்டிய ஒரு கோழி.

"தொர அனுப்புனாரா கங்காணி?"

கங்காணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. "இல்லப்பா. புள்ளைங்க ஏரி பாக்கணும்னுச்சு."

"என்னப் பத்தி ஏதும் கேட்டாரா?"

"நான்தான் பேச்செடுத்தேன். எந்த ராமையான்னாரு." கங்காணி ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒன் வீட்டுக்கு கோலா தெர்லாவுலேருந்து வேற ஆளுங்க குடி வந்துட்டாங்க."

இவர் திரும்பி வருவார், கியா பார்முக்குப் போகலாம் என்று எழுந்து நின்றேன். வரவில்லை. கங்காணியின் மனைவி மழையில் நனைந்த விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவர் அவள் கையிலிருந்து விறகை வாங்கி அடுக்கி, மண்டியிட்டு ஊதத் தொடங்கினார். கங்காணி கொஞ்ச நேரம் சங்கடப்பட்டு நின்றுவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

"ராமையா, அந்தக் கோழியையும் கொஞ்சம் அறுத்துக் குடுத்திடுறியா?"

"சரிங்க கங்காணி."

இவர் கத்திக்காக என்னைத் திரும்பிப் பார்த்தார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நான் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.