விமானத்தில் ஒரு காலி இடம்

என் கணவர் ஹோசியா இடது கைக்காரர். மீன்பிடி முகாமில் வழிகாட்டியாகச் சேர்ந்த நாள் முதல் படகு மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இடது கையால்தான் இழுப்பார். அந்தச் செப்டம்பரில், முகாம் மூட ஒரு வாரம் இருக்கும்போது, வலது கையால் இழுக்க ஆரம்பித்தார். முகாமுக்குச் சமைக்கும் நான் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தேன்.

அதோடு போகவில்லை. படகுத்துறையிலிருந்து சமையலறைக்கு ஏறும் சின்ன மேட்டில் மூன்று இடத்தில் நின்றார். குனிந்து பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்வது போல ஒரு பாவனை. அவர் போட்டிருந்தது கயிறே இல்லாத ரப்பர் பூட்ஸ்.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் க்ரீ ஜனங்கள், வடக்குக் கனடாவின் பூர்வகுடிகள். வளர்ந்த மனிதனைப் பார்த்து இதைச் செய், அங்கே போ என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. சொன்னால், உனக்கு மூளை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மீன்பிடிக்கத் தெற்கிலிருந்து வரும் விருந்தாளிகள் நாள் முழுக்க எங்களை ஏவுவார்கள். அவர்கள் வளர்ப்பு அப்படி, பாவம் என்று விட்டுவிடுவோம். போன வருடம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் விரலை ஆட்டி, நாளைக்கே வந்து நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஹோசியாவிடம் சொன்னாள். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மிதவை விமானம் ஏரியில் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவன் வில்பர், என் தங்கை மகன்.

"பெரியம்மா, ரெண்டு பேரைத்தான் ஏத்திட்டுப் போறேன். ஒரு சீட்டு சும்மா கெடக்கு" என்றான். "மேகம் எறங்குது பாருங்க. இனி எப்ப வர முடியுமோ." ஹோசியாவை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பெரியப்பா முகம் ஏன் இப்பிடி வெளுத்திருக்கு?"

அவனும் எங்கள் பிள்ளைதான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஹோசியா விமானம் நகராமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு துறையில் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"ஊர்ல உனக்கு ஏதும் வேலை இருக்கா, கிழவா?"

என்னால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

"எனக்கென்ன வேலை? நம்ம ஹால்வர்சனுக்கு மத்தியானம் கரையில மீன் வறுத்துக் குடுக்கணுமே. அவனே வறுத்தா நாய்கூட மோந்து பாக்காது, கிழவி."

சிரித்தார். சிரித்துவிட்டு என்னையே பார்த்தார். 'ஏறு' என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

ஹால்வர்சன் இருபது வருடமாக ஒவ்வொரு செப்டம்பரும் வருகிற பல் டாக்டர். ஒருநாள்கூடத் தானே படகு ஓட்டியதில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு படகு கோணல்மாணலாக வந்து துறையில் மோதியபோது, ஓட்டி வந்தது அவன்தான் என்று கண்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. படகுக்குள் தரையில், காலையில் பிடித்த மீன்களுக்குப் பக்கத்தில் ஹோசியா கிடந்தார்.

தூக்கி வந்து அடுப்போரம் பெஞ்சில் படுக்க வைத்தோம். முகாம் முதலாளி தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். மேகம் மரங்களின் தலையைத் தொட்டுவிட்டது. நாளை காலைக்கு முன்னால் ஒரு விமானமும் கிளம்பாது என்றார்கள். ஹால்வர்சன் மூலையில் நின்று, "நான் பல் டாக்டர்தாங்க, பல் டாக்டர்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஹோசியா உதட்டை அசைத்தார்.

"பேசாதே. சும்மா படு" என்றேன்.

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "இப்பதான் வாயைத் தொறக்கிறியா? காலையில சொல்லியிருந்தா ஏறியிருப்பேன், கிழவி. நீ சொல்லுவேன்னுதான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நர்ஸ் சொன்னதற்குத் தொப்பியை எடுத்த மனுஷன் நான் சொன்னால் மட்டும் கேட்பாரா என்று நினைத்தேனே, பாவி. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தும் இது எனக்குத் தெரியவில்லை.

பிறகு நான் நிறுத்தவில்லை. ஏவினேன், அதட்டினேன். கண்ணைத் திற என்றேன், திறந்தார். என் கையைப் பிடி என்றேன், பிடித்தார். "மூச்சை இழு, கிழவா. விடு. இப்ப இழு." சொன்னபடியெல்லாம் கேட்டார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அடுப்பில் விறகு தீர்ந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணி இருக்கும். இழு என்றேன். அவர் இழுக்கவில்லை. திரும்பவும் சொன்னேன். கத்திச் சொன்னேன். ஹால்வர்சன் வந்து என் தோளைப் பிடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.